பொதுமக்கள் நாற்காலி

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்ப்பேன். பல்லை மட்டுமா, வாயைத் திறந்து டார்ச் அடித்தே பார்ப்பேன். என் பெயர் ஓப்பல் ராட்லிஃப். கென்டக்கி மலைப்பக்கத்தில் கார்வர் என்ற சின்ன ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அரசாங்கம் பிள்ளைகளுக்கு அனுப்பும் இலவசப் பாலைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். சந்தேகப் பிராணி என்று ஊரில் எனக்குப் பெயர். இருக்கட்டும், அதனால் யாருக்கும் வயிறு கெட்டதில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், "டிஜிட்டல் வருது, படம் பளிங்கு மாதிரி இருக்கும், எல்லாம் இலவசம்" என்று சேனல் பதினாலில் ஒருவன் பல்லைக் காட்டினால் நான் என்ன நினைப்பேன்? யாருக்கோ குழி வெட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். யாருக்கு என்றுதான் அப்போது தெரியவில்லை.

விஷயம் இதுதான். டிவி அலை போகிற வானம் நம் எல்லோருக்கும் சொந்தமாம். அதை டிவிக்காரர்களுக்கு வாடகையே இல்லாமல் கொடுத்திருக்கிறது அரசாங்கம். பதிலுக்கு அவர்கள் 'பொதுநலன்' பார்க்க வேண்டும். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! அதுவரை ஒரு சேனல் போன வழியில், டிஜிட்டல் வந்ததும் நாலு சேனல் போகலாம் என்று ஆனது. நெய் நாலு மடங்காயிற்று. பொதுநலனும் நாலு மடங்காகுமா என்று கேட்டதற்கு, அதைப் பற்றித்தான் ஒளிபரப்புப் பொதுநல வாரியம் என்று ஒன்று உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். பல வருஷமாக யோசிக்கிறதாம். நல்ல சம்பளமாம்.

அவர்கள் யோசித்து முடிக்கட்டும் என்று நான் விட்டிருப்பேன். என் தம்பி டெல்மர் இருந்ததால் விட முடியவில்லை.

டெல்மருக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போயிற்று. காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடம் தூரம், அப்பா அனுப்பவில்லை. அதனால் நானும் அவனும் நாங்களே ஒரு கைப்பாஷை கட்டிக்கொண்டோம். அதை வேறு யாரும் கற்றுக்கொள்ளவில்லை. எழுத்து நன்றாகப் படிப்பான். ஊருக்கு மேலே, இரண்டு மலைக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில், ஓடைக் கரையோரம், சக்கரத்தில் நிற்கும் ஒரு தகர டிரெய்லர் வீட்டில் இருந்தான். மரம் அறுக்கிற ரம்பம், புல்வெட்டி எதைக் கொண்டுபோனாலும் உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தே கோளாறு சொல்லிவிடுவான்.

அந்த ஓடை ஒரு பொல்லாத ஓடை. மலை உச்சியை நிலக்கரிக்காக மொட்டையடித்த பிறகு, மேலே மழை பெய்தால் கீழே கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். மற்றவர்களுக்குச் சத்தம் கேட்கும், ஓடுவார்கள். டெல்மருக்குச் சேனல் பதினாலின் அடியில் ஓடுகிற எழுத்து வரிதான் காது. வானம் கறுத்தால் டிவியைப் போட்டுவிட்டு வேலை பார்ப்பான். 'கார்வர் ஓடை' என்று எழுத்து ஓடினால் தன் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடுவான். படம் முழுக்க அரிசி கொட்டினதுபோல் புள்ளி இருக்கும், ஆனாலும் எழுத்து தெரியும். மலை முதுகில் சேனல் பதினாலு நட்டிருந்த ஒரு கம்பம்தான் சிக்னலைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது.

டிஜிட்டல் வந்த அன்று அந்தக் கம்பத்தை அணைத்துவிட்டார்கள்.

நான் போனபோது டெல்மர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். நீலத் திரை. நடுவில் 'சிக்னல் இல்லை'. அரசாங்கம் தந்த கூப்பனில் வாங்கிய, டிஜிட்டலைப் பிடிக்கிற புதுப் பெட்டி கீழே பச்சை விளக்கோடு ஜம்மென்று இருந்தது.

"என்னடா இது?" என்று கையால் கேட்டேன்.

"நல்ல நிகழ்ச்சிதான்கா. கதைதான் கொஞ்சம் மெதுவாப் போகுது" என்றான் கையால்.

செல்போனுக்கும் அங்கே மலை குறுக்கே நிற்கும், டிஷ்ஷுக்கும் அதே மலைதான். "என் வீட்டுக்கு வந்துடுடா" என்றேன். "உன் சந்தேகத்தோட ஒரே வீட்ல இருக்க முடியாது. என் பல்லையும் எண்ணுவ" என்றான்.

சேனல் பதினாலுக்குப் போன் போட்டேன். விளம்பரம் கொடுக்க ஒன்றை அழுத்தவும் என்றது. ஏற்கெனவே கொடுத்த விளம்பரத்தை நீட்டிக்க இரண்டு. விளம்பரங்களைப் பாராட்ட மூன்று. மற்றவர்கள் இந்தச் செய்தியை மறுபடி கேட்க நான்கு. நான் நான்கை அழுத்தி அழுத்தி, கடைசியில் என் சின்ன லாரியை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன்.

பெரிய கட்டடம். உள்ளே விளம்பரம் பிடிக்கிற ஒரு பெண்ணும் மேனேஜர் டாட் விங்கேட்டும்தான் இருந்தார்கள். செய்தி, வானிலை எல்லாம் மூன்று மாநிலம் தள்ளி ஒரு ஊரிலிருந்து வருகிறதாம். விங்கேட் சிரித்த முகம். அந்த மாதிரி முகத்தைக் கண்டால் நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

"பொதுநலன்னா எங்களுக்கு உயிர் மேடம்" என்றான். "அதுக்குன்னே தனியா ஒரு சேனல் விட்டிருக்கோம். பதினாலு புள்ளி நாலு. பாருங்க."

பார்த்தேன். பொம்மைப் படத்தில் ஒரு மரநாய் வாணலியால் கரடியின் மண்டையில் அடித்துக்கொண்டிருந்தது. திரை மூலையில் 'கல்வி' என்று போட்டிருந்தது.

"இதுல என்ன கல்வி?"

"விசை. கொஞ்சம் பொறுங்க... ஆங், இப்பக் கரடி திருப்பி அடிக்குது பாருங்க. எதிர்விசை."

அது முடிந்ததும் ஒருத்தி வந்து கத்தி செட் விற்றாள். அது சமையலறைப் பாதுகாப்பு என்றான்.

நான் கம்பத்தின் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"மேடம், அனுப்புறது எங்க கடமை. அதுல ஒரு குறை சொல்ல முடியாது. வந்து சேருறது மலையோட பொறுப்பு."

"அப்ப நான் மலைகிட்டப் போய்ப் பேசணுமா?"

"எங்க வக்கீல்களும் அதைத்தான் சொல்றாங்க. மலை மூணாம் தரப்பு."

"ஏம்ப்பா, முன்னாடி வந்துட்டுதானே இருந்துச்சு? அந்தக் கம்பத்தை டிஜிட்டலுக்கு மாத்திப் போட வேண்டியதுதானே?"

"பண்ணலாம். உங்க தம்பி கார் வாங்குற யோசனையில இருக்காரா?"

"இல்ல. எதுக்கு?"

"மெத்தை? பல் செட்டு? எதாவது?" நான் இல்லை என்று தலையாட்ட ஆட்ட அவன் முகத்தில் உண்மையான வருத்தம் வந்தது. "பாருங்க மேடம், எதுவுமே வாங்காத ஒருத்தருக்காகக் கம்பத்தை எழுப்பினா, வாங்குறவங்களுக்குத் துரோகம் பண்ண மாதிரி ஆயிடும்."

எழுந்தேன். கதவு வரை போனவளை, "மேடம், ஒரு நிமிஷம், நீங்க பொதுமக்கள்தானே?" என்று நிறுத்தினான்.

இந்தக் கேள்வியில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று தோன்றியது. "வேற யாரா இருக்க முடியும்?" என்றேன், ஜாக்கிரதையாக.

அவன் உள்பக்கம் திரும்பி, "ஏய், கிடைச்சுட்டாங்க! பொதுமக்கள் கிடைச்சுட்டாங்க!" என்று கத்தினான். அந்தப் பெண் ஓடி வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "நிஜப் பொதுமக்களேதான்" என்றாள்.

சேனலின் லைசென்ஸைப் புதுப்பிக்கிற நேரம் அது. வாரியம் விசாரணை நடத்தும். அதில் பொதுமக்கள் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது விதி. முன்பு உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்று ஃபுளோரிடா போய்விட்டாராம். "அங்கே உங்க தம்பி விஷயத்தைத் தாராளமாப் பேசுங்க மேடம்" என்றான் விங்கேட். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வருகிறது என்று இன்னொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். தெய்வம் எதற்குக் குறுக்கே வருகிறது என்று நான் யோசித்தேன். ஆனாலும் போனேன். வேறு வழி?

விசாரணை லெக்சிங்டனில், ஒரு ஓட்டலின் நடன மண்டபத்தில். வரிசை வரிசையாக நாற்காலிகள். ஒளிபரப்பாளர்கள், அவர்களுடைய வக்கீல்கள், ஆலோசகர்கள், ஆலோசகர்களின் ஆலோசகர்கள். கடைசியில், தூணுக்குப் பின்னால், ஒரே ஒரு நாற்காலி. அதில் 'பொதுமக்கள்' என்று அட்டை. என் சட்டையிலும் அதே அட்டையைக் குத்தினார்கள்.

எனக்குத் துணைக்கு வந்த மைத்துனி ஜெனீவாவை வாசலில் காவலாள் மறித்துவிட்டான்.

"பொதுமக்கள் உள்ள போயாச்சும்மா."

"நானும் பொதுமக்கள்தான்யா!"

"இருக்கலாம். நாற்காலி ஒண்ணுதான்."

ஜெனீவா அன்று முழுக்க வாகன நிறுத்தத்தில், கொண்டுவந்த சோள ரொட்டியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே எனக்குப் போனதை விட அவளுக்குப் பொழுது நன்றாகப் போயிருக்கும்.

வாரியத் தலைவி திருமதி ஹார்க்ரேடர் முத்துமாலை போட்ட, நல்ல குரல் உள்ள அம்மாள். "நண்பர்களே," என்று ஆரம்பித்தார். "பொதுநலன் என்றால் என்ன? இந்த வாரியம் பிறந்த நாள் முதல் இதே கேள்வியைத்தான் கேட்டு வருகிறோம். பதில் கிடைத்த மறுநாள் வாரியத்துக்கு வேலை இல்லை. எனவே ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். நாங்கள் அவசரப்பட மாட்டோம்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பிறகு 'கடமை' என்ற சொல்லைப் பற்றிப் பேசினார்கள். அது காதுக்குக் கொஞ்சம் கடுமையாக இருக்கிறது என்றார் ஒளிபரப்பாளர் தரப்பு வக்கீல். 'விருப்பக் கடமை' என்று வைத்துக்கொள்ளலாமே என்றார்.

"விரும்பாதவர்கள் என்ன செய்வார்கள்?" என்று தலைவி கேட்டார்.

"விரும்பாமலிருப்பதும் ஒரு விருப்பமே. அதை அவர்கள் முழுமையாக நிறைவேற்றுவார்கள்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தூண்.

என் முறை வந்தது. முன்னால் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம். நான் டெல்மரைப் பற்றிச் சொன்னேன், ஓடையைச் சொன்னேன், ஓடுகிற எழுத்து வரியைச் சொன்னேன். "மலை மேல கம்பம் நிக்குது. அதை மாத்திப் போடுங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது. இல்லைன்னா தண்ணி வர்றது அவனுக்குத் தெரியாது, செத்துப் போவான்" என்றேன்.

வக்கீல் எழுந்தார். "மிகவும் உருக்கமான வாக்குமூலம். ஆனால் கம்பத்தைப் போடச் சொல்வது பேச்சுரிமையில் அரசு தலையிடுவதாகும். ஒளிபரப்பாளர் ஓரிடத்தில் பேசாமல் இருப்பதும் ஒருவகைப் பேச்சே. அந்தப் பள்ளத்தாக்கில் எங்கள் கட்சிக்காரர் மௌனமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்."

"மேலும்," என்றார் தலைவி, மிகுந்த கருணையோடு, "டெல்மர் என்பவர் ஒரு தனிநபர். இது பொதுநல வாரியம்."

"நான் பொதுமக்கள்னு நீங்களே அட்டை குத்தியிருக்கீங்க. அவன் என் கூடப் பொறந்தவன்மா! எத்தனை டெல்மர் சேர்ந்தா ஒரு பொதுமக்கள்?"

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "அற்புதமான கேள்வி!" என்றார் தலைவி. அதை ஆராய அங்கேயே ஒரு துணைக்குழு போட்டார்கள். நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் சிவப்பு எரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் விங்கேட் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "பிச்சுட்டீங்க மேடம்! வாரியத்துக்கு உங்க தம்பியை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வெள்ள விழிப்புணர்வுன்னு ஒரு குட்டிப் படம் எடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். அவரே நடிக்கணும். காது கேக்காதவர், மலைவாசி, லட்சணமா வேற இருப்பார்."

"கம்பம்?"

"படம் எடுக்க வர்ற ஆளுங்க அப்படியே மலை மேல போய்க் கம்பத்தையும் பார்த்துட்டு வந்துடுவாங்க."

நரி இடம் போனாலென்ன வலம் போனாலென்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று ஒத்துக்கொண்டேன்.

வேன் வந்தது. தாடி வைத்த டைரக்டரும் இரண்டு பேரும் இறங்கினார்கள். டெல்மர் அவர்களைப் பார்த்த முதல் பார்வையிலேயே என் பக்கம் கையைத் திருப்பினான்: "பூட்ஸ்ல ஒரு பொட்டுச் சேறு இல்ல. இவனுங்களா மலை ஏறப் போறானுங்க?"

சொல்ல மறந்தேனே, சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து.

கதை இது. டெல்மர் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான். சேனல் பதினாலில் வெள்ள எச்சரிக்கை வருகிறது. அவன் நன்றியோடு டிவியைப் பார்க்கிறான். எழுந்து மேட்டுக்கு ஏறுகிறான். உயிர் பிழைக்கிறான்.

"டிவியிலதான் ஒண்ணும் வரலையேப்பா?" என்றேன் டைரக்டரிடம்.

"கவலையே படாதீங்க, அப்புறமா ஒட்டிக்கலாம்" என்று 'சிக்னல் இல்லை'யின் மேல் ஒரு பச்சைத் துணியைப் போர்த்தினான். "அவர்கிட்டச் சொல்லுங்க. இந்தத் துணி அவர் உயிரைக் காப்பாத்திடுச்சுன்னு நினைச்சுக்கணும். அதுகிட்ட மனசுவிட்டுப் பேசணும். என்ன பேசினாலும் சரி, குரலை அப்புறம் வேற ஆளை வச்சுக் கொடுத்துக்கலாம்."

நான் டெல்மருக்குக் கையால் சொன்னேன். துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பைத்தியமா இவனுங்களுக்கு?" என்றான்.

"பேசித் தொலைடா. கம்பம் வரட்டும்" என்றேன்.

பொதுமக்கள் பக்கத்தில் நின்றால் இயல்பாக வராது என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஓடைக்கரையில் நின்றேன். டெல்மர் தைத்து வைத்திருந்த தார்ப்பாய்க்குக் கீழே ஒரு டஜன் ரம்பம் பழுதுக்குக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். "பிறவி நடிகர் மேடம் உங்க தம்பி. கையை அப்படி ஆட்டினார், இப்படி ஊதினார், என்ன ஒரு உணர்ச்சி! ஒரே டேக்!"

உள்ளே போய், "என்னடா பேசின?" என்றேன்.

"பேசச் சொன்னானுங்க, பேசிட்டேன்" என்று சிரித்துவிட்டு அடுப்பில் பீன்ஸைக் கிளறப் போய்விட்டான்.

மலை மேல் யாரும் ஏறவில்லை. வெளிச்சம் போய்விட்டதாம். படம் பதினாலு புள்ளி நாலில், ஆந்தைகூட டிவி பார்க்காத நேரத்தில் ஓடியது. நான் பார்க்கவில்லை, ஊரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. லைசென்ஸ் வேலை நல்லபடி போகிறது என்று மட்டும் விங்கேட் சொன்னான். கம்பத்தைப் பற்றிக் கேட்டால் துணைக்குழு என்பான்.

வசந்தம் வந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஊரில் தூறல்தான். நான் தட்டில் மக்ரோனி போட்டுக்கொண்டிருந்தேன். சுவரில் டிவி. அடியில் எழுத்து ஓடியது: 'கார்வர் ஓடைப் பள்ளத்தில் திடீர் வெள்ளம். உடனே மேட்டுக்கு ஏறவும்.' ஒரு புள்ளி இல்லை, ஒரு கலங்கல் இல்லை. பளிங்கு மாதிரி படம் என்று அன்றைக்குச் சொன்னார்களே, அப்படியேதான் இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் அதைப் படித்தார்கள். யாருக்காக ஓடியதோ அவன் ஒருவன்தான் படிக்கவில்லை.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் சாலையே இல்லை, பழுப்புத் தண்ணீர்தான். தீயணைப்புப் படை ஆட்கள் என்னை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்கடா, அவனுக்குக் காது கேக்காதுடா!" என்று கத்தினேன். அது அவர்களுக்கும் தெரியும். ஒருத்தனை இடுப்பில் கயிறு கட்டி இறக்கிப் பார்த்தார்கள், தண்ணீர் அவனையும் புரட்டிப் போட்டது.

சாயங்காலம் தண்ணீர் இறங்கினதும் டெல்மரைக் கொண்டுவந்தார்கள். நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, அவன் கையை என் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தக் கை பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது சேனல் பதினாலின் வேன் வந்தது. கூரையிலிருந்து உயரமாக ஒரு கம்பம் எழும்பிற்று. பள்ளத்திலிருந்து படம் அருமையாக வெளியே போயிற்று. உள்ளே வரத்தான் வழி இல்லை, வெளியே போக வழி இருந்திருக்கிறது. ஒரு பெண் மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டி, "இப்ப உங்க மனநிலை எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் சொன்ன பதிலை ஒளிபரப்ப முடியாது.

அடுத்த வாரம் முதல் டெல்மர் நடித்த படத்தைப் பதினாலு புள்ளி நாலிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கிற பெரிய சேனலுக்கு மாற்றிவிட்டார்கள். 'டெல்மர் நினைவாக'. காலை, மதியம், மாலை. அது தொடங்குகிற இசை கேட்டாலே நான் டிவியை அணைத்துவிடுவேன். கடையில் ஓடினால் சாமானை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். செத்தவன் முகத்தை வைத்து வியாபாரமா? விங்கேட்டிடம் போனேன்.

"அதை நிறுத்துப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எங்க கையைக் கட்டிப்போட்டிருக்கு மேடம்" என்றான், கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "லைசென்ஸ் முடியிற வரைக்கும் போடுறோம்னு வாரியத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கோம். பொதுநலக் கடமை. நிறுத்தினா சட்ட மீறல்."

"விருப்பக் கடமைன்னீங்க?"

"இது விரும்பின கடமையாச்சே! அவர் இருந்தப்ப ஒருத்தரும் பார்க்கல மேடம். இப்ப ஒரு கார் கம்பெனியே முன்னாடி பின்னாடி விளம்பரம் கேக்குது. உங்க தம்பியால ஊருக்கு எவ்வளவு விழிப்புணர்வு!"

"அவனுக்கு யாருடா எச்சரிக்கை கொடுத்தது?"

"நாங்க கொடுத்தோமே! நேரத்துக்கு, எழுத்துப் பிழை இல்லாம. நீங்களே பார்த்தீங்கல்ல?"

கடைசி விசாரணைக்கு மறுபடி லெக்சிங்டன் போனேன். வாரியத்தின் முன்னால் கேட்டே தீருவது என்று போனேன்: அந்தப் படத்தை நிறுத்துங்கள், கம்பத்தை மாற்றிப் போடுங்கள். வாசலில் அதே காவலாள் நான் குத்திக்கொண்டு போயிருந்த பழைய அட்டையைக் கழற்றிக்கொண்டான்.

"நீங்க இனிமே பொதுமக்கள் இல்லம்மா."

தலைவியே வந்து விளக்கினார். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். ஆனால் இந்த விஷயத்தில் உங்களுக்கு இப்போது சொந்த நலன் வந்துவிட்டது. பொதுநலனில் நலன் உள்ளவர்கள் பொதுமக்களாக இருக்க முடியாது. அந்த நாற்காலி அப்பழுக்கற்றதாக இருக்க வேண்டும்."

"அப்ப கம்பம்?"

"துணைக்குழு முடிவெடுத்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் சிக்னல் தேவைப்பட்டவர் ஒருவர்தான். இப்போது தேவை எழவில்லை."

அந்த அம்மாள் என் தோளைத் தட்டிவிட்டு மேடைக்குப் போனார். என்னைச் சுவரோரம் நிற்க விட்டார்கள். தூணுக்குப் பின்னால் என் நாற்காலியில் யாரோ ஒரு ஆலோசகரின் பெரியம்மா அட்டை குத்திக்கொண்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். பார்வைக்கு அப்பழுக்கில்லாமல்தான் இருந்தாள்.

விங்கேட் பேசினான். பொதுநலனுக்காகச் சேனல் பதினாலு செலவிட்ட மணி நேரங்களில் வெள்ளத்தன்று நேரலையாகக் காட்டியதையும் சேர்த்திருந்தான். சேற்றில் உட்கார்ந்து நான் அழுததும் அந்தக் கணக்கில் உண்டு. "வார்த்தையை விடப் படம் பேசும்" என்று சொல்லி விளக்கை அணைக்கச் சொன்னான். சுவர் அளவு திரையில் டெல்மர் வந்தான்.

கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை. எவ்வளவு பெரிதாக, எவ்வளவு தெளிவாக என் தம்பி! கட்டம் போட்ட சட்டை, விரலிடுக்கில் எண்ணெய்க் கறை. முன்னால் டிவி, அதில் அவர்கள் ஒட்டிய எச்சரிக்கை ஓடுகிறது. அவன் அதைப் பார்த்துக் கையைத் தூக்கினான். யாரோ ஒருவனுடைய கனத்த குரல், "நன்றி, சேனல் பதினாலு! நீங்கதான் என் காது!" என்றது.

டெல்மரின் கை வேறு சொன்னது. காற்றில் ஒரு சதுரம் போட்டான். எங்கள் பாஷையில் பெட்டி. உள்ளங்கையை விரித்து, அதன் மேல் உஃப் என்று ஊதினான். ஒன்றுமே இல்லை. பிறகு கேமராவையே நேராகப் பார்த்து, வா வா என்று கூப்பிட்டான். மறுபடி சதுரம், மறுபடி ஊதல், மறுபடி வா. எத்தனை மாதமாக இது மாவட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது!

"அவன் நன்றி சொல்லலடா!" என்று கத்தினேன். "'இந்தப் பெட்டியில ஒண்ணுமே இல்ல, யாராவது வாங்க'ன்னு சொல்றான்! படத்துலயே சொல்றான், பாருங்கடா!"

"பொதுமக்கள் அல்லாதவர்கள் அமைதி காக்கவும்" என்றார் தலைவி. காவலாள் என் முழங்கையைப் பிடித்தான்.

விளக்கு வந்தது. பாதிப் பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது என்று தலைவி அறிவித்தார். "அத்துடன், மறைந்த அந்த எளிய மனிதர் நன்றி சொன்ன அந்த அழகான சைகையை இன்றுமுதல் நம் வாரியத்தின் வணக்கமாக ஏற்கிறோம். எல்லோரும் எழுந்து நின்று அவருக்கு அதைச் செலுத்துவோம்."

எழுந்தார்கள். தலைவி, வக்கீல்கள், ஆலோசகர்கள், ஒளிபரப்பாளர்கள், ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெரியம்மா, எல்லோரும். நல்ல நல்ல கோட்டு போட்ட கைகள் காற்றில் சதுரம் போட்டன. உள்ளங்கையை விரித்து, மண்டபமே சேர்ந்து ஊதியது. இந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை, ஒன்றுமே இல்லை. முன்வரிசையில் விங்கேட் கன்னம் உப்ப, கண்ணை மூடி, எல்லோரையும் விட நன்றாக ஊதினான்.